ஸ்க்ரியாபினை முதலிலிருந்து கடைசி வரை வாசிப்பது எப்படி: பியானோ கற்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூர் காக்ஸ் டவுனில் என் வீட்டு பியானோ தெருவைப் பார்த்த ஜன்னலோரம் இருக்கிறது. அதன் மேல் எப்போதும் ஏழெட்டு நோட்டுப் புத்தகங்கள் கிடக்கும். அதில் பாதிக்கு மேல் ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்ஸாண்டர் ஸ்க்ரியாபின். இருபது வருஷமாக வாசிக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. என்னிடம் கற்க வருகிறவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு, ஒயிட்ஃபீல்டில் வேலை முடித்துவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு வந்து சேர்கிறவர்களும் உண்டு. ஸ்க்ரியாபினைத் தொட்டதும் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஆரம்பத்தில் இவ்வளவு இனிமையாக எழுதினவர் கடைசியில் ஏன் இப்படி ஆகிவிட்டார்?"

இதற்கு வாயால் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், சரிப்படவில்லை. விரலால்தான் சொல்ல முடிகிறது. அதனால் அவருடைய சின்னச் சின்ன உருப்படிகளை வருஷ வரிசையில் எடுத்து, எல்லாவற்றிலும் ஒரே ஒரு விஷயத்தைக் கவனிக்கிற மாதிரி ஒரு பாடம் அமைத்து வைத்திருக்கிறேன். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பியானோ பரீட்சையில் கிரேடு ஆறு வரை வந்தவர்களுக்கு இதில் பாதிக்கு மேல் கைக்கு வரும். மீதியைக் காதால் தொடரலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரியாபின் நடுவயதில் திடீரென்று வேறு ஆளாக மாறிவிட்டார் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினைந்து வயதில் எந்த ஏக்கத்தை எழுதினாரோ அதையேதான் நாற்பத்திரண்டிலும் எழுதினார். அந்த ஏக்கம் வீடு போய்ச் சேர்கிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஒரு கட்டத்தில் வீட்டுக்குப் போகிற வழியிலேயே குடியிருக்க ஆரம்பித்துவிட்டார். கீழே வருகிற ஒவ்வொரு படியும் இதைக் காதால் பிடிப்பதற்குத்தான்.

தொடங்கும் முன்

ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1872 ஜனவரியில் மாஸ்கோவில் பிறந்தார். அம்மா கச்சேரி மேடை ஏறிய பியானோ கலைஞர். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போதே இறந்துவிட்டார். அப்பா வெளிநாட்டுத் தூதரக வேலையில் போய்விட, அத்தைதான் வளர்த்தார். மாஸ்கோ கன்சர்வேட்டரியில் ரக்மனினோவ் உடன் படித்தவர். 1915 ஏப்ரலில், மேலுதட்டில் வந்த ஒரு கொப்புளம் ரத்தத்தில் விஷமாக ஏறி, 43 வயதில் இறந்தார். பத்து சொனாட்டாக்கள், நிறைய பிரிலூட்கள், எட்யூட்கள், "கவிதை" என்று பேர் வைத்த சின்ன உருப்படிகள், அப்புறம் சில பெரிய ஆர்கெஸ்ட்ரா படைப்புகள். எழுதினதில் பெரும்பகுதி பியானோவுக்குத்தான்.

அவர் இறந்து நூறு வருஷம் தாண்டிவிட்டதால் நோட்டுக்குக் காசு தேவையில்லை. ஐஎம்எஸ்எல்பி தளத்தில் எல்லாமே கிடைக்கிறது. பழைய பதிப்புகளில் அச்சு நெருக்கமாக இருக்கும். ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் பெரிதாக்கி எடுத்துக்கொள்ளுங்கள். பிற்காலப் படைப்புகளில் ஷார்ப், ஃப்ளாட் குறிகள் ஈ மொய்ப்பது போல மொய்க்கும், சின்ன எழுத்தில் கண் தடுமாறும்.

கம்பி உள்ள பியானோ இருந்தால் நல்லது. டிஜிட்டல் பியானோ வைத்திருக்கிறீர்கள் என்றால், பெடல் பாதி மிதித்தாலும் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிதித்தால் முழுதாக, விட்டால் ஒன்றுமில்லை என்கிற பெடல் ஸ்க்ரியாபினுக்குப் போதாது. அபார்ட்மென்ட்டில் அண்டை வீட்டாருக்காக ஹெட்ஃபோன் போட்டு வாசிக்கிறவர்கள் வாரத்துக்கு ஒரு முறையாவது அதைக் கழற்றிவிட்டு வாசியுங்கள். அவருடைய கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்கள்) அறைக்குள் கரைவதைக் காது கேட்க வேண்டும்.

சாதாரண பென்சில் ஒன்று, கலர் பென்சில் நான்கு: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

முதல் படி: ஒரு கார்டு, இரண்டு வீடு

நோட்டைத் திறக்க வேண்டாம். பியானோ முன்னால் உட்காருங்கள்.

இடது கையில் தாழ்வாக ஒரு சி. வலது கையில் ஈ, ஜி, பி ஃப்ளாட். சேர்த்து வாசித்துவிட்டு நிறுத்துங்கள். காது எங்கே போகச் சொல்கிறது? எஃப் மேஜருக்கு. போங்கள். இந்த ஏங்குகிற கார்டுக்கு அதுதான் வீடு. பாடத்தில் டாமினன்ட் செவன்த் என்று படித்த அதே கார்டுதான். சபையில் பாட்டுக்கு வாசிக்கிறவர்கள் ஆயிரம் தடவை வாசித்திருப்பீர்கள்.

இப்போது ஜி-யை மட்டும் அரை ஸ்வரம் இறக்கி எஃப் ஷார்ப் ஆக்குங்கள். சி, ஈ, எஃப் ஷார்ப், பி ஃப்ளாட். கொஞ்சம் நெளிகிறது, ஆனாலும் எஃப்-க்குத்தான் போகப் பார்க்கிறது.

அடுத்தது முக்கியம். வலது கையில் ஈ-யும் பி ஃப்ளாட்டும் அப்படியே இருக்கட்டும், இடது கையில் சி-யை விட்டுவிட்டு எஃப் ஷார்ப்பை அழுத்துங்கள். சி-யை வலது கைக்குக் கொடுத்துவிடுங்கள். கார்டில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை, அதே நான்குதான். ஆனால் இப்போது காது பி மேஜருக்குப் போகச் சொல்கிறது. எஃப் மேஜரும் பி மேஜரும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருக்கிற இரண்டு ஊர்கள்.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. கிரக பேதம் செய்யும்போது ஸ்வரங்கள் அப்படியே இருக்கும், சட்ஜம் இடம் மாறினதும் ராகமே வேறாகிவிடும். அந்தக் கிறுகிறுப்பை ஒரே கார்டுக்குள் அடக்கினால் கிடைப்பது இதுதான். இரண்டு பக்கமும் வாசல் உள்ள கார்டு. எந்த வாசலில் வேண்டுமானாலும் வெளியேறலாம் என்றால், வெளியேறாமலே உள்ளே நிற்கவும் செய்யலாம் இல்லையா? ஸ்க்ரியாபினின் வாழ்நாள் பயணம் முழுக்க இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

இதை பத்து நாள், தினமும் ஐந்து நிமிஷம், வெவ்வேறு ஸ்வரத்திலிருந்து வாசியுங்கள். இதைத் தாண்டிக் குதிக்கிறவர்களுக்குப் பிற்காலப் படைப்புகள் வெறும் சத்தமாகத்தான் கேட்கும்.

இரண்டாம் படி: பதினைந்து வயதின் எட்யூட்

ஓப்பஸ் (படைப்பு எண்) 2, எண் 1. சி ஷார்ப் மைனர். 1887-ல் எழுதியது. ஷோபானின் நிழல் நன்றாகத் தெரியும். மறைக்கவும் இல்லை அந்தப் பையன். ஷோபானின் நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினவர் என்று சொல்வார்கள்.

அடர்த்தியான கார்டுகள் விடாமல் துடித்துக்கொண்டிருக்கும், மெட்டு மேலே சுண்டு விரலில். பெரும்பாலும் எல்லாக் கார்டையும் ஒரே பலத்தில் அமுக்கி மெட்டை மூழ்கடித்துவிடுவார்கள். முதலில் மெட்டை மட்டும் தனியாக, நான்காவது, ஐந்தாவது விரலில் வாசியுங்கள். அப்புறம் கீழ்க் கார்டுகளைச் சத்தமே வராத அளவுக்கு மெல்லத் தொட்டுச் சேருங்கள்.

இங்கேதான் பென்சில் வேண்டும். ஒவ்வொரு வாக்கியம் முடியும் இடத்திலும், அந்த ஏங்குகிற கார்டு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே வீடு சேர்கிறது என்று பாருங்கள். நடுவில் எத்தனை எண்ணிக்கை என்று எண்ணி ஓரத்தில் எழுதுங்கள். இந்த எட்யூட்டில் சின்ன எண்களாகத்தான் வரும். எழுதி வையுங்கள். இனிமேல் எடுக்கிற எல்லா உருப்படியிலும் இதே கணக்கைப் போடப்போகிறோம்.

மூன்றாம் படி: இருபத்து நான்கு பிரிலூட்களில் இரண்டு

ஓப்பஸ் 11. 1888-க்கும் 1896-க்கும் நடுவில் எழுதிச் சேர்த்தவை. ஷோபான் வைத்த அதே வரிசையில், இருபத்து நான்கு ஸ்கேலுக்கும் ஒன்றொன்று. எல்லாவற்றையும் வாசிக்க வேண்டியதில்லை. நாலாவதையும் முதலாவதையும் எடுங்கள்.

நாலாவது ஈ மைனர். மெதுவானது, ஒரே பக்கம். மெட்டு இடது கையில், கார்டுகள் வலது கையில் மேலே மிதக்கும். ஒரு வாரம் இடது கையை மட்டும் வாசியுங்கள், கூடவே வாய் திறந்து பாடுங்கள். எங்கே மூச்சு வாங்குகிறீர்களோ அங்கேதான் வாக்கியம் முடிகிறது. வலது கை அதற்குத் தலையாட்டுகிற பக்கத்து ஆள் மாதிரி இருந்தால் போதும். என்னிடம் முதல் முறையாக ஸ்க்ரியாபின் கேட்டு வருகிற எல்லாருக்கும் இதைத்தான் கொடுக்கிறேன்.

எனக்கும் இப்படி ஒருவர் கொடுத்ததுதான். இருபத்தோரு வயதில் நேராக அவருடைய கடைசிக் காலத்துப் படைப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் என் ஆசிரியர் முன்னால் வாசித்தேன். முழுவதும் கேட்டார். "இதில் எது சரியான ஸ்வரம், எது தப்பான ஸ்வரம், உனக்குத் தெரிகிறதா?" என்றார். தெரியவில்லை என்றேன். "அப்போ முதலில் இது" என்று ஈ மைனர் பிரிலூடை எடுத்து ஸ்டாண்டில் வைத்தார். அன்றிலிருந்துதான் வரிசையாக வாசிக்கும் பழக்கம்.

முதலாவது சி மேஜர். வேறு ஒரு காரணத்துக்காக. இதில் ஸ்வரங்கள் ஐந்தைந்தாகப் போகும், அந்த ஐந்து தாளக் கோட்டை மதிக்காமல் தாண்டிப் போகும். மேற்கத்திய முறையில் மட்டும் படித்தவர்கள் இங்கே மெட்ரோனோமோடு மல்லுக்கு நிற்பார்கள். நமக்குக் கண்ட நடை இருக்கிறது. தகதகிட, தகதகிட என்று சொல்லிக்கொண்டே வாசியுங்கள், இரண்டு நாளில் கை சமமாகிவிடும். அப்புறம் சொல்லை விட்டுவிட்டு அலையாக நினையுங்கள். ஸ்க்ரியாபினிடம் தாளம் எப்போதும் அலைதான். இந்தச் சின்ன வயதிலேயே கோட்டுக்குள் நிற்க அவருக்கு மனமில்லை என்பதைக் கவனியுங்கள். வீடு சேராத கார்டு பிற்பாடு வந்தது. கோடு தாண்டுகிற தாளம் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது.

பதினாலாவது பிரிலூடையும் கேட்டுவையுங்கள். பதினைந்து எண்ணிக்கை கொண்ட தாளத்தில் புயல் மாதிரி போகும். கைக்கு இப்போது வேண்டாம்.

நான்காம் படி: இடது கைக்கு மரியாதை

ஸ்க்ரியாபின் மாணவராக இருந்தபோது லிஸ்ட்டின் டான் ஜுவான் ஃபேன்டசியையும் பலகிரேவின் இஸ்லாமியையும் அளவுக்கு மீறிச் சாதகம் செய்து வலது கையைக் கெடுத்துக்கொண்டார். இனி சரியாகாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்தக் காலத்தில் எழுதிய முதல் சொனாட்டா ஒரு சவ ஊர்வலத்தோடு முடியும். கை பின்னால் தேறியது. ஆனால் அதற்குள் இடது கை வளர்ந்துவிட்டது. 1894-ல் இடது கைக்கு மட்டுமே எழுதிய பிரிலூடும் நாக்டர்னும், ஓப்பஸ் 9, அந்த வளர்ச்சிக்குச் சாட்சி.

பிரிலூடை எடுத்து மெதுவாக வாசியுங்கள். மெட்டைக் கட்டைவிரல் பாட வேண்டும், பாஸை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், இரண்டையும் பெடல் ஒட்ட வேண்டும். இதற்கப்புறம் அவருடைய எந்த உருப்படியை எடுத்தாலும் இடது கை பரந்து தாவும். கை சிறிய மனிதர் இவ்வளவு பரந்து எழுதினார் என்பது என்னை இன்றும் நெகிழவைக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தாவும்போது மணிக்கட்டைப் பூட்டாதீர்கள். முன்கையில் வலி வந்தால் அன்றைக்கு மூடி வைத்துவிடுங்கள். அவருக்கு நடந்தது எந்த மாணவருக்கும் நடக்கக் கூடாது.

ஐந்தாம் படி: 1903, நாலரைக் கட்டை

எஃப் ஷார்ப்பை நம் ஊர் ஆர்மோனியக்காரர்கள் நாலரைக் கட்டை என்பார்கள். ஸ்க்ரியாபினின் மனசு திரும்பத் திரும்பப் போய் நிற்கிற சுருதி அது. 1903-ல் எழுதிய நாலாவது சொனாட்டா எஃப் ஷார்ப் மேஜர். அதே வருஷத்து ஓப்பஸ் 32-ன் முதல் கவிதையும் எஃப் ஷார்ப் மேஜர். இந்த இரண்டும்தான் அவருடைய பயணத்தில் திருப்பம்.

ஓப்பஸ் 32, எண் 1 உங்கள் கைக்கு வரும். எடுத்து, பழையபடி பென்சிலால் எண்ணுங்கள். இப்போது எண்கள் பெரிதாகியிருக்கும். ஏங்குகிற கார்டு ஒன்று வரும், அதற்குப் பதில் இன்னொரு ஏங்குகிற கார்டு வரும். கேள்விக்குக் கேள்வியே பதிலாக வந்துகொண்டிருக்கும். வீடு வரும்போது, ரயில் பெங்களூர் கன்டோன்மென்ட் தாண்டினதும் உடம்பு லேசாவது போல ஒரு தளர்வு வரும். அவ்வளவு நேரம் காத்திருந்ததால்தான் அந்தத் தளர்வு.

வாசிக்கும்போது பாஸ் ஸ்வரத்தைப் பெடலில் பிடித்துவிட்டு, மேலே கார்டு மாறும்போது பாதி மட்டும் விட்டு மறுபடி பிடியுங்கள். முழுக்க விட்டால் பாஸ் செத்துவிடும். முழுக்கப் பிடித்தால் குழம்பிவிடும். பாதத்தின் முன்பகுதியில் அரை அங்குலத்துக்கும் குறைவான அசைவு. என் மாணவர்களைச் செருப்பு, ஷூ இல்லாமல் வெறும் காலில் இதைப் பழகச் சொல்கிறேன்.

இதே கவிதையை ஸ்க்ரியாபின் 1910-ல் வெல்ட்டே பியானோ ரோலில் பதிவு செய்திருக்கிறார். தேடினால் கேட்கக் கிடைக்கும். ரோல் (வாசித்ததைத் துளைகளாகப் பதிகிற காகிதச் சுருள்) என்பது ஒலிப்பதிவு மாதிரி முழு நம்பிக்கைக்கு உரியது இல்லைதான். ஆனாலும் காலத்தை அவர் எப்படி இழுத்தும் சுருக்கியும் விளையாடுகிறார் என்பது நன்றாகவே தெரிகிறது. அச்சில் இருப்பதை மட்டும் நம்பி ஸ்க்ரியாபின் வாசிக்கிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது.

நாலாவது சொனாட்டா கஷ்டம். கேளுங்கள். எட்டு நிமிஷம்தான். ஆரம்பத்தில் தொலைவில் ஒரு நட்சத்திரம் போல ஒரு மெட்டு மெல்ல மினுங்கும். கடைசியில் அதே மெட்டு முழு பலத்தோடு கண்ணைக் கூச வைத்துக்கொண்டு திரும்பும்.

ஆறாம் படி: ஆறு ஸ்வரக் கார்டு

இடது கையில் கீழிருந்து சி, எஃப் ஷார்ப், பி ஃப்ளாட். வலது கையில் ஈ, ஏ, டி. சின்னக் கைக்கும் எட்டும். சேர்த்து வாசித்துப் பெடலில் பிடியுங்கள். புத்தகங்களில் மிஸ்டிக் கார்டு என்பார்கள். 1910-ல் முடித்த புரோமிதியஸ் என்கிற ஆர்கெஸ்ட்ரா படைப்பு இந்தக் கார்டோடுதான் திறக்கிறது, வேறு சுருதியில்.

முதல் படியில் வாசித்த நான்கு ஸ்வரங்களைத் தேடுங்கள். சி, ஈ, எஃப் ஷார்ப், பி ஃப்ளாட். நான்கும் உள்ளே இருக்கின்றன. டி-யும் ஏ-வும் மட்டும் புதிது. எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டியதில்லை இது. பதினைந்து வயதில் ஏங்கிய அதே கார்டு, இருபத்து மூன்று வருஷம் கழித்து, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு நிற்கிறது.

ஒரு நாள் சாயங்காலம் இந்த ஸ்வரங்களை ஒரு மாணவருக்காக ஒவ்வொன்றாக ஏறுவரிசையில் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். சி, டி, ஈ, எஃப் ஷார்ப், ஏ, பி ஃப்ளாட், மறுபடி சி. அம்மா உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நாற்பது வருஷம் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். அங்கிருந்தே குரல் வந்தது: "ஏன்டி, வாசஸ்பதி வாசிக்கிறியா? பஞ்சமத்தை எங்கே விட்ட?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. சி-யைச் சட்ஜமாக வைத்தால் சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பிரதி மத்திமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். 64-ஆவது மேளம் வாசஸ்பதியேதான், பஞ்சமம் மட்டும் இல்லை. ஸ்க்ரியாபின் ராகம் தெரிந்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நம் காதுக்கு இது ஒரு நல்ல கைப்பிடி. இந்தக் கார்டை "விகாரமான சத்தம்" என்று ஒதுக்குகிற மாணவர்களிடம் இப்போது நான் வாதாடுவதில்லை. வாசஸ்பதியைப் பஞ்சமம் விட்டுப் பாடச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் கார்டை வாசிக்கிறேன். முகம் மாறிவிடுகிறது.

கம்பி பியானோ இருப்பவர்கள் இன்னொன்றும் செய்து பாருங்கள். நடு சி-க்கு மேலே உள்ள ஈ-யையும், அடுத்த ஸ்தாயியில் உள்ள டி-யையும் சத்தம் வராமல் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். நடு சி-க்கு இரண்டு ஸ்தாயி கீழே உள்ள சி-யைப் பலமாக ஒரு தட்டுத் தட்டி விடுங்கள். அடிக்காத ஈ-யும் டி-யும் காற்றில் மெல்லக் கேட்கும். ஒரு தாழ்ந்த ஸ்வரத்துக்குள்ளேயே மற்றவை ஒளிந்திருக்கின்றன. தம்புராவில் காந்தாரம் தானாகக் கேட்கிற அதே விஷயம்தான். பிற்கால ஸ்க்ரியாபினை வாசிக்கும்போது பாஸை முதலில் ஊன்றி, மேல் ஸ்வரங்களை அதிலிருந்து எழும்புகிற மாதிரி மெல்ல வைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஏழாம் படி: வீடு இல்லாமல் ஒரு பக்கம்

ஓப்பஸ் 58, ஒரு சின்ன ஆல்பம் தாள். இந்த ஆறு ஸ்வரக் கார்டையே இடம் மாற்றி மாற்றி நெய்தது. ஸ்கேல் குறி எதுவும் முன்னால் இல்லை. இந்தக் காலத்துக்குப் பிறகு அவர் ஸ்கேல் குறி போடுவதையே விட்டுவிட்டார்.

பென்சிலால் எண்ணப் பாருங்கள். எண்ண முடியாது. ஏங்குகிற கார்டு முதல் அட்சரத்தில் ஆரம்பிக்கிறது, கடைசி அட்சரத்தில் அப்படியே இருக்கிறது. ஆனால் தவிப்பு இல்லை. எட்யூட்டில் அதே கார்டு உங்களைப் பிடித்து இழுத்தது. இங்கே அமைதியாக மிதக்கிறது. ஓப்பஸ் 2-ஐயும் ஓப்பஸ் 58-ஐயும் ஒன்றன் பின் ஒன்றாக வாசித்துப் பாருங்கள். இந்த வழிகாட்டியில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

கலர் பென்சில் இப்போது. ஸ்க்ரியாபினுக்கு ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு நிறம் இருந்தது. சி சிவப்பு, டி மஞ்சள், ஏ பச்சை, எஃப் ஷார்ப் பளிச்சென்ற நீலம். புரோமிதியஸில் ஒளிக்கென்றே தனியாக ஒரு வரி எழுதினார். 1911-ல் மாஸ்கோவில் முதலில் அரங்கேறியபோது ஒளி இல்லாமல்தான் நடந்தது. 1915 மார்ச்சில் நியூயார்க் கார்னகி ஹாலில் ஒளியோடு வாசித்தார்கள். நீங்கள் செய்ய வேண்டியது: பிற்கால உருப்படி எதையாவது எடுத்து, பாஸில் இந்த நான்கு ஸ்வரங்கள் வருகிற இடத்தை எல்லாம் அந்தந்த நிறத்தில் வட்டமிடுங்கள். சிவப்புக்குப் பக்கத்தில் நீலம் வருகிற இடம் கிடைத்தால் நிறுத்திப் பாருங்கள். சி-யும் எஃப் ஷார்ப்பும், முதல் படியில் பார்த்த அந்த இரண்டு வாசல்கள்.

புரோமிதியஸ் முழுக்க வீடு இல்லாமல் அலைந்துவிட்டு, கடைசி நொடியில் சுத்தமான எஃப் ஷார்ப் மேஜரில் போய் நிற்கும். மறுபடியும் நாலரைக் கட்டை. 

எட்டாம் படி: அவருடைய சொற்களைப் படியுங்கள்

இளம் வயதில் ஆண்டான்டே, லென்ட்டோ என்று எல்லாரும் எழுதுகிற இத்தாலியச் சொற்கள். பிற்காலத்தில் பிரெஞ்சில், நீளமாக. ஆறாவது சொனாட்டாவில் ஓரிடத்தில் "பயம் எழும்புகிறது" என்று எழுதியிருக்கிறார். ஏழாவதில் "மின்னல்கள் போல". ஒன்பதாவதில் மெட்டு போகப் போக "மேலும் மேலும் வருடுகிற, விஷமேறிய இனிமையோடு" வாசிக்க வேண்டும். இவற்றை மொழிபெயர்த்துத் தமிழில் நோட்டின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். சும்மா "மெதுவாக", "பலமாக" என்று எடுத்துக்கொண்டால் வாசிப்பு தட்டையாகிவிடும்.

1907-ல் எழுதிய ஐந்தாவதிலிருந்து எல்லா சொனாட்டாவும் ஒரே மூச்சு, ஒரே பகுதி. ஐந்தாவது எந்த முடிவுக்கும் வராமல் மேலே பறந்து மறைந்துவிடும். பத்தாவது முழுக்க ட்ரில்கள், அதாவது பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் இரண்டும் வேகமாக மாறி மாறி நடுங்குவது. பூச்சிகளின் சொனாட்டா என்று அவரே சொன்னார், பூச்சிகள் சூரியனின் முத்தங்களாம். லால்பாக்கில் வெயில் ஏறுகிற நேரத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறேன், சுற்றியிருந்த ரீங்காரம் எது, பியானோ எது என்று பிரிக்க முடியவில்லை.

யார் வாசித்ததைக் கேட்பது? சோஃப்ரோனிட்ஸ்கியை முதலில். ஸ்க்ரியாபினின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டவர், பிற்காலப் படைப்புகளை அவர் அளவுக்கு உள்ளிருந்து வாசித்தவர் யாரும் இல்லை என்பது என் எண்ணம். ஒலிப்பதிவு பழையது, இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஹொரோவிட்ஸ். 1986 மாஸ்கோ கச்சேரியில் ஓப்பஸ் 2-ன் அந்த எட்யூட்டை வாசித்திருக்கிறார். சொனாட்டாக்கள் மொத்தமாக வேண்டும் என்றால் அஷ்கெனாசி.

நடுவில் நம் ஊரைப் பற்றி

1905-ல் பிளவாட்ஸ்கி அம்மையாரின் தியாசஃபி (பிரம்மஞானம்) புத்தகத்தைப் படித்ததிலிருந்து ஸ்க்ரியாபினுக்கு இந்தியா மேல் தீராத ஆசை. மிஸ்டீரியம் என்று ஒரு பிரம்மாண்டப் படைப்பைக் கனவு கண்டார். இமயமலை அடிவாரத்தில், ஏழு நாள், இசையும் ஒளியும் நறுமணமும் நடனமும் கலந்து நடக்க வேண்டியது. 1914-ல் லண்டன் போனபோது இந்தியப் பயணத்துக்காக வெயில் தொப்பியும் சமஸ்கிருத இலக்கணப் புத்தகமும் வாங்கினார் என்பார்கள். அந்த வருஷமே உலக யுத்தம் வந்துவிட்டது, அடுத்த வருஷம் அவரும் போய்விட்டார். அந்த தியாசஃபி சங்கத்தின் தலைமையகம் 1882-லிருந்து சென்னை அடையாறில் இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த ஆலமரத்துப் பக்கம் போவேன். இவர் வந்திருந்தால் ஒரு நாளாவது இங்கே தம்புரா கேட்டிருப்பாரே என்று நினைக்காமல் இருந்ததில்லை.

கடைசிப் படி: ஓப்பஸ் 74, எண் 2

அதற்கு முன் 1914-ன் "சுடரை நோக்கி", ஓப்பஸ் 72. முதல் பக்கத்தை மட்டும் வாசியுங்கள். மெட்டு என்று பெரிதாக எதுவுமில்லை, அரை ஸ்வரம் இறங்குகிற ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். அதை வைத்தே ஐந்தாறு நிமிஷத்தில் அறையையே எரிய வைக்கிறார். அவசரப்படாதீர்கள். முதல் பக்கத்தில் வேகம் கூட்டினால் கடைசிப் பக்கத்தில் கொளுத்த ஒன்றும் மிஞ்சாது.

அப்புறம் அதே வருஷத்து ஐந்து பிரிலூட்கள், ஓப்பஸ் 74. அவர் எழுதி முடித்த கடைசித் தொகுப்பு. இரண்டாவதை எடுங்கள். ஒரே பக்கம். மிக மெதுவாக, தியானத்தில் இருப்பது போல என்று மேலே எழுதியிருக்கிறது. விரலுக்குக் கஷ்டமே இல்லை, ஈ மைனர் பிரிலூட் வாசித்தவர்கள் வாசித்துவிடலாம்.

முதலில் இடது கையை மட்டும், ஒரே அளவில், கூட்டாமல் குறைக்காமல். அப்புறம் மேலே வழுக்கி வழுக்கி இறங்குகிற குரலைச் சேருங்கள். ஒரு நாள் உணர்ச்சியோடு வாசியுங்கள், மறுநாள் துளி உணர்ச்சியும் காட்டாமல் வாசியுங்கள். எனக்கு இரண்டாவது விதம்தான் அதிகம் வலிக்கிறது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் ராத்திரி, கரன்ட் போய்விட்டது. மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு இதை வாசித்துக்கொண்டிருந்தேன். இடது கையின் அடியில் எஃப் ஷார்ப், சி ஷார்ப், மறுபடி எஃப் ஷார்ப், சி ஷார்ப் என்று ஆடிக்கொண்டே இருந்தது. அம்மா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கையை நீட்டி அந்த இரண்டு கட்டையையும் தானே மெதுவாக ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"நாலரைக் கட்டை சுருதி," என்றார். "சட்ஜம். இதோ பஞ்சமம்."